ஏழு மணி நாடகம்

சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி தன் இரண்டாவது புருஷனுக்கு நஞ்சு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கன்னையா கையிலிருந்த ரொட்டியைத் தட்டிலேயே போட்டார். தகரக் கூரையில் மழை அறைந்துகொண்டிருந்தது. பாதி வசனம் மழையோடு போனாலும் மீதி தெளிவாகத்தான் கேட்டது.

"கேட்டியா விஜயகலா? மொதப் புருஷன முடிச்சாச்சு. இப்ப காவக்காரன் மேல ஆசைப்பட்டு இவனையும் முடிக்கிறா. இதெல்லாம் ஒரு நாடகம்! இத லயத்துக்கே கேக்குற மாதிரி அலற விடுறதுக்கு ஒரு பொம்பள!"

"மெதுவாப் பேசுங்க. தனுஜா படிக்குதுல்ல," என்றாள் அவர் மனைவி.

அதுதானே பிரச்சினை. யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கும் அந்த ரப்பர்த் தோட்டத்திலிருந்து இதுவரை ஒரு பிள்ளையும் பல்கலைக்கழகக் கெம்பஸ் வாசலை மிதித்ததில்லை. மகள் தனுஜா மிதிப்பாள் என்று பள்ளிக்கூடமே சொன்னது. உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம். வரலாறு படிப்பித்த மிஸ் மாற்றலாகிப் போய் எட்டு மாதமாகியும் அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. அந்தப் பாடத்தை மட்டும் பிள்ளை எப்படியோ தானாகவே ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். கன்னையாவும் தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. கவனம் சிதறக்கூடாதென்று வீட்டு டிவியைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்க் கீழ் டிவிசனில் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

தன் டிவியைத் தூக்கலாம், அடுத்தவர் டிவியை என்ன செய்வது? ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் இருக்கும் லயத்தில் நடுச்சுவர் கூரைவரை போவதில்லை. அடுத்த காம்பராவில் ஒருவர் தும்மினால் இந்தக் காம்பராவில் தூங்குகிறவர் விழித்துக்கொள்வார். அடுத்த காம்பரா வெள்ளையம்மாவுடையது. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் யாருடைய வாளி முந்தி என்று தொடங்கிய சண்டையில், இரண்டு வருடமாக அவளோடு பேச்சுவார்த்தை கிடையாது. "இந்த வீட்டு ஆளுங்க யாராவது அவ வாசல மிதிச்சா நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்று அன்றைக்கே சட்டம் போட்டவர் கன்னையா. இப்போது தானே போய் நின்று, சத்தத்தைக் குறையுங்கள் என்று கேட்பதாவது!

எழுந்து நின்று கூரையைப் பார்த்துப் பேசினார். "சில பேருக்குப் பரீட்சைன்னா என்னன்னே தெரியாது! அடுத்தவன் புள்ள படிச்சா வயிறு எரியுது!"

அந்தப் பக்கம் சத்தம் இரண்டு மடங்கானது. காவல்காரனைக் கட்டிக்கொண்டவள் அவனுக்கும் நஞ்சு கொடுத்தாள்.

"பாத்தியா, பாத்தியா!"

"பரவால்லப்பா. எனக்கு ஒரு எடஞ்சலும் இல்ல," என்றாள் தனுஜா தலை நிமிராமலே. "நீங்க கொஞ்சம் பேசாம இருந்தாப் போதும்."

அந்தச் சுவரோரமே மேசையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு இரைச்சலுக்குள்ளும் பேனா ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையின் பொறுமையைப் பார்த்துக் கன்னையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் ஆறு உரச் சாக்குகளோடு வந்தார். ஏணி வைத்து ஏறி, சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருந்த இடைவெளியை ஒரு விரல்கூட நுழையாதபடி அடைத்தார். சத்தம் பாதியானது உண்மைதான். ஆனால் அடுப்புப் புகை வெளியே போக இருந்த ஒரே வழியும் அதுதான். ஏழு மணிக்குக் குடும்பமே கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் நின்று இருமியது. தனுஜா மட்டும் ஒரு துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு திரும்ப உள்ளே ஓடினாள். வெள்ளையம்மா விட்டாளா? சத்தத்தை மூன்று மடங்காக்கினாள். சாக்கையும் துளைத்துக்கொண்டு ஒரு தச்சன் வந்து அந்தப் பொம்பளைக்கு நாலாவது புருஷன் ஆனான்.

"போதும்டா சாமி!" என்று கன்னையா குடையை எடுத்தார்.

தொழிற்சங்கத் தலைவர் கஜேந்திரன் கதையை முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "சரி, சரி. ஒங்க புள்ள கெம்பஸ் போனா தோட்டத்துக்கே பெருமைண்ணே. நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். பரீட்சை முடியும்வரை பின்னேரம் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை லயத்தில் ஒரு டிவியும் ஓடக்கூடாது என்று அன்றைக்கே எல்லாக் காம்பராவுக்கும் சொல்லியாயிற்று. கன்னையா சாக்குகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு நிம்மதியாகக் காலை நீட்டினார்.

நிம்மதி பத்து நிமிடம் இருந்தது. டிவி நின்றுபோன பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் வேறெங்கே போவார்கள்? யாருக்காக டிவி நின்றதோ அந்த வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

"புள்ள படிக்குதா?"

"இப்ப என்ன பாடம் படிக்குது?"

"எங்க மச்சான் மகளும் இப்பிடித்தான் விழுந்து விழுந்து படிச்சிச்சு. பரீட்சை அன்னைக்குப் பேப்பரப் பாத்ததும் மயங்கி விழுந்திருச்சு!"

ஒருவர் திருநீறு கொண்டு வந்தார். ஒருவர் தலையில் தேய்க்க எலுமிச்சம்பழம் கொண்டு வந்தார். விஜயகலா பிளேன்டீ ஊற்றியே களைத்துப்போனாள். "சத்தம் போடாதீங்க, சத்தம் போடாதீங்க!" என்று கன்னையா கத்தியதுதான் எல்லாவற்றிலும் பெரிய சத்தம்.

அதைவிட மோசம் தனுஜாவின் நிலைமை. பேனா நின்றுவிட்டது. ஏழு மணியானால் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கொப்பியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

"யாரும்மா சத்தம் போட்டா? சொல்லு, அப்பா பாத்துக்கிறேன்!"

"யாரும் போடலப்பா," என்று விசும்பினாள். "அதாம்ப்பா..."

கன்னையாவுக்குப் பயம் வந்துவிட்டது. இருபது வருடமாக விடியுமுன் எழுந்து அவர் ரப்பர்ப் பால் வெட்டியது, இந்தப் பிள்ளை அந்தக் கத்தியைக் கையில் எடுக்கக்கூடாது என்பதற்காகத்தான். அமைதி கேட்டார், லயமே அமைதியாக இருக்கிறது. இன்னும் என்ன செய்ய?

அப்போதுதான் வாசலில் இருந்த கூட்டம் விலகியது. வெள்ளையம்மா வந்து நின்றாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு. ஒரு கையில் குடை, மறு கையில் டிவி ரிமோட்.

"தம்பி, ஒரு அரை மணித்தியாலம் மட்டும் டிவி போட்டுக்கிறேனே. ஏழு மணியாகப் போகுது."

அடக்கி வைத்திருந்த அவ்வளவும் கன்னையாவுக்கு வெடித்துக்கொண்டு வந்தது. "எம் புள்ள இங்க அழுதுகிட்டு இருக்கு, ஒங்களுக்கு நாடகம் கேக்குதாக்கா? மூணு நாளா அந்தக் கேடு கெட்டவ கதையக் கேக்காட்டி உசுரா போயிரும்?"

வெள்ளையம்மா அவரைத் தாண்டி உள்ளே பார்த்தாள். தனுஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாடகம் இல்ல தம்பி, அது பரீட்சைப் புள்ளைங்களுக்கு டிவில நடத்துற வரலாற்றுப் பாடம், எங்க வாசல மிதிக்கக் கூடாதுன்னு நீங்க சட்டம் போட்டீங்க, அதான் புள்ள பீலியடில வந்து கேட்டுச்சேன்னு செவருக்கு அங்கிட்டுக் கேக்குற மாதிரி சத்தத்தக் கூட்டிக் கூட்டி வச்சேன், இப்ப அந்த ராணி நாலாவது புருசன என்ன செஞ்சான்னு தெரியாம எப்பிடி அது பரீட்சை எழுதும்?"