சூரியன் மேல் நான் போட்ட பழி

என் வாழ்க்கையில் பலர் மேல் பழி போட்டிருக்கிறேன். விடுதியில் சோப்பு காணாமல் போனபோது அறைத்தோழன் மேல், தேர்வில் மதிப்பெண் குறைந்தபோது வினாத்தாள் எடுத்தவர் மேல். இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான். ஆனால் சூரியன் மேல் பழி போட்டு, அதைப் பதினேழு ஸ்லைடுகளில் நிரூபித்தும் காட்டியவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ராணிப்பேட்டையிலிருந்து வந்து, பொம்மனஹள்ளியில் ஒரு பிஜி விடுதியில் தங்கி, பெங்களூர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தேன். (ஊரில் 'சயின்டிஸ்ட்' என்று சொல்லி வைத்திருந்தார்கள். அடையாள அட்டையில் 'திட்ட உதவியாளர்' என்று இருந்தது.) விண்வெளியிலிருந்து ஓயாமல் வரும் காஸ்மிக் கதிர்களை அளப்பது எங்கள் குழுவின் வேலை. சூரியன் கொந்தளிக்கும்போது அதிலிருந்து கிளம்பும் காற்று இந்தக் கதிர்களில் ஒரு பகுதியைத் தள்ளிவிடும். அது அடங்கிக் கிடக்கும் வருடங்களில்தான் கதிர்கள் நிறைய வரும்; எந்த அணு, எவ்வளவு ஆற்றல் என்று நிதானமாகக் கணக்கெடுக்கலாம். நான் சேர்ந்தது அப்படியொரு வருடத்தில்.

கணக்கெடுத்தவர் மாலினி. எனக்கு இரண்டு வருடம் சீனியர். விண்கலம் ஒன்றில் இருந்த சிறிய கருவி அனுப்பிய தகவல்களை ஹைட்ரஜன், ஹீலியம், இரும்பு என்று பிரித்துக்கொண்டிருந்தார். அதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. இரும்பு அரிதாகத்தான் வரும். எட்டு மாதத்தில் கிடைத்த இரும்பை வைத்து ஏதோ ஒரு முடிவைச் சொல்லலாம். நான்கு மாதம்தான் என்றால் ஒன்றும் சொல்ல முடியாது. அந்த எட்டு மாதம் முடியும்போது அவருடைய உதவித்தொகை முடிய மூன்று மாதம்தான் இருந்தது.

என் வேலை காவல். சூரியன் உண்மையிலேயே அடங்கித்தான் இருக்கிறதா என்று தரையிலிருந்து பார்க்க வேண்டும். காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதிச் சிதறும்போது உண்டாகும் துகள்கள் கூரையைத் துளைத்துக்கொண்டு கீழே வரும். அவற்றை எண்ண ஒரு கருவி. எண்ணிக்கை சட்டென்று சரிந்து, பிறகு மெல்ல மெல்ல ஏறினால், சூரியன் சீறியிருக்கிறது என்று அர்த்தம். அந்த நாட்களை நான் சிவப்பால் குறிப்பேன். மாலினி அவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்.

கருவிக்கு இடம் தேடி, கடைசி மாடியில் ஓர் அறையைப் பிடித்தேன். கட்டடத்திலேயே அதுதான் குளுகுளுவென்று இருந்தது. ஏப்ரல் மாதத்தில்கூட ஃபேன் தேவைப்படவில்லை. அது ஏன் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

எட்டு மாதம் கருவி எண்ணியது, நான் டீ குடித்தேன். கடைசியில் எல்லாவற்றையும் வரைபடமாகப் போட்டுப் பார்த்தபோது தூக்கிவாரிப் போட்டது. ஒன்று விட்டு ஒரு நாள் காலையில் எண்ணிக்கை மடமடவென்று சரிந்தது. அடுத்த சரிவு வரைக்கும் மெல்ல ஏறியது. பாடப்புத்தகத்தில் இருக்கும் அதே வடிவம். வெளிநாட்டு நிலையங்களின் பதிவுகளைப் பார்த்தேன். அங்கே ஒரு சரிவும் இல்லை. சுமாரான புத்தி உள்ளவன்கூட இந்த இடத்தில் தன் கருவியைச் சந்தேகித்திருப்பான். நான் வெளிநாட்டு நிலையங்களைச் சந்தேகித்தேன். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு மட்டும் தெரிகிறது என்று ஒரு விளக்கமும் எழுதினேன். (உண்மை இதற்கு நேர் எதிர். பூமியின் காந்தப்புலம் இங்கேதான் பலமாகத் தடுக்கும். நமக்குக் குறைவாகத்தான் தெரியும்.)

சிவப்பு நாட்களின் பட்டியலை மாலினியிடம் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டினார்.

"ஒண்ணு விட்டு ஒரு நாளா?"

"ஆமா மேடம். சூரியனுக்கு ரெண்டு நாள் சுழற்சி ஒண்ணு இருக்கு. இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல."

"அப்போ என் இரும்புல பாதி போச்சு."

"சயின்ஸுக்காக..." என்று ஆரம்பித்தேன். அவர் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று கேன்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. விருது வாங்கும்போது அவர் பெயரையும் சொல்லிவிடலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

பேராசிரியர் பதினேழு ஸ்லைடுகளையும் பொறுமையாகப் பார்த்தார். "அடுத்த சரிவு எப்போ?" என்று மட்டும் கேட்டார்.

"நாளைக்குக் காலைல எட்டரைக்கு சார்."

"சரி, வந்து பாக்கலாம்."

மறுநாள் பேராசிரியர், மாலினி, நான் மூவரும் திரையின் முன்னால் உட்கார்ந்தோம். எட்டரை ஆனது. ஒன்பதும் ஆனது. கோடு நேராகவே போனது.

"சூரியனுக்கு இன்னிக்கு லீவா?" என்றார் பேராசிரியர்.

"சுழற்சி முடியற அறிகுறியா இருக்கலாம் சார்" என்றேன். வியர்த்தது, அந்தக் குளுகுளு அறையிலும்.

பத்து மணிக்குக் கோடு சரிய ஆரம்பித்தது. "வந்துடுச்சு சார். ஒன்றரை மணி நேரம் லேட், அவ்வளவுதான்" என்று நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். மாலினி திரையைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"மேல போய்ப் பாத்தீங்களா?"

"எதுக்கு மேடம்?"

அவர் படியேறினார். நானும் பின்னால் ஓடினேன். என் அறைக்கு நேர் மேலே ஆள் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் தொட்டி. பக்கத்தில் மோட்டாரைக் கவனிக்கும் மஞ்சுநாத் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாலினியின் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பெங்களூரில். கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு அப்போது தெரிந்த கன்னடம் 'ஊட்டா' (சாப்பாடு), 'ஸ்வல்ப' (கொஞ்சம்) என்ற இரண்டு வார்த்தைகள். மாலினிதான் எனக்குச் சொன்னார்: காவேரித் தண்ணீர் ஒன்று விட்டு ஒரு நாள் காலை எட்டரைக்கு வரும், உடனே தொட்டியை நிரப்புவார்கள். இன்று பைப்லைன் ரிப்பேர் என்று பேப்பரிலேயே போட்டிருந்தார்கள். அதனால் பத்து மணிக்கு டேங்கர் லாரி.

"மஞ்சண்ணா, ஸ்வல்ப நில்சி" என்றார் மாலினி. மஞ்சுநாத் வால்வை மூடினார். பத்து நிமிடம் காத்திருந்தோம். பேராசிரியர் கீழேயிருந்து போன் செய்தார்: "கோடு நேராயிடுச்சு." மறுபடி திறந்தார். "இப்போ எறங்குது." இன்னொரு முறையும் மூடச் சொல்லிப் பார்த்தார் மாலினி, விஞ்ஞான முறைப்படி.

"சூரியனோட வால்வ் இவர்கிட்டதான் சார் இருக்கு" என்று போனில் சொன்னார்.

தண்ணீர் துகள்களைத் தடுக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. எம்.எஸ்ஸி.யில் பத்து மதிப்பெண் கேள்வி. முழுசாக வாங்கியிருக்கிறேன். தொட்டி நிரம்பினால் எண்ணிக்கை விழும், எல்லோரும் கை கழுவக் கழுவ மெல்ல ஏறும். எட்டு மாதமாக நான் அளந்தது எங்கள் கட்டடத்தின் கைகழுவலை.

பேராசிரியர் "ரூமை மாத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை. மாலினி தன் மேசைக்குப் போய் சிவப்பு நாட்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க ஆரம்பித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மிச்ச நாட்களை நான் வாசிக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஆய்வேடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நன்றியுரையில் மஞ்சுநாத்தின் பெயர் மூன்றாவதாக இருந்தது. என் பெயர் இல்லை.

இரண்டு வருடம் கழித்து மாலினியைப் பெண் கேட்டு அவர் வீட்டுக்குப் போனோம். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அவருடைய அப்பா காபி டம்ளரை நீட்டியபடி கேட்டார்: "தம்பி, எங்க பொண்ணு ஆராய்ச்சில பாதியத் தூக்கிப் போடச் சொன்னது நீங்கதானே?"

"ஆமா சார்."

"காவேரி வர்ற நாள்கூடத் தெரியாம பெங்களூர்ல எட்டு மாசம் எப்படிக் குளிச்சீங்க?"

காபியை ஒரே மடக்கில் குடித்தேன். பெண் கொடுத்தார்கள்.

இன்றைக்கும் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் என்னை அறிமுகப்படுத்துவது மாமனார்தான். "எங்க மாப்பிள்ளை சூரியனையே ஆராய்ச்சி பண்றவர்" என்று ஆரம்பிப்பார். கேட்பவர் மரியாதையாக நிமிர்ந்து பார்ப்பார். "தண்ணி வர்ற நாள்ல மட்டும்" என்று முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மாலினியும் சிரிப்பாள், ஆனால் ஒரு நொடி தாமதமாக. அந்த ஒரு நொடி என்னைத்தான் பார்ப்பாள், நான் உடனே சாப்பாட்டுப் பந்தி எங்கே என்று விசாரிக்கக் கிளம்பிவிடுவேன்.