ஆறின் பூச்சிய வலுவும் மெய்யா நானாவும்

கற்பிட்டிக் குடாநாட்டில் சூரியன் உதித்ததைக்கூட இன்னொருவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட ஒரே மனிதர் மெய்யா நானாதான். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்திருக்கும். அந்த அட்டையை அவர் முழுதாக நம்பினார் என்றும் எனக்குத் தோன்றவில்லை. யார் எதைச் சொன்னாலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு "மெய்யா?" என்பார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்றாலும் மெய்யா, உங்கள் சாரம் கிழிந்திருக்கிறது என்றாலும் மெய்யா. ஊர் அதையே பெயராக வைத்து, அண்ணனுக்கு இங்கே சொல்கிற நானாவையும் பின்னால் சேர்த்துவிட்டது.

பாண் வாங்கப் போனால் அமுக்குவார், முகர்வார், காதருகே வைத்துத் தட்டுவார். பிறகு பக்கத்தில் நிற்பவரிடம், இது இன்றைக்குச் சுட்டதுதானா என்று விசாரிப்பார். கண்டக்குழியில் பேக்கரி வைத்திருந்தவர் கடைசியில் அவரைக் கண்டதும் தட்டோடு முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளப் பழகிவிட்டார். நானாவின் இடக்கையில் இரண்டு மணிக்கூடுகள் இருந்தன. ஒன்றை ஒன்று காட்டிக்கொடுக்கும் என்ற நம்பிக்கையில் கட்டியவை. இரண்டும் ஒரே நேரம் காட்டினால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? மாட்டார். ரெண்டும் பேசி வைத்துக்கொண்டு காட்டுகின்றன என்பார்.

கலியாண வீடுகளில் அவரால் பெரும் தொல்லை. இங்கே முஸ்லிம் வீட்டு விருந்துகளில் சஹன் வைப்பார்கள். பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளாளுக்குத் தன் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். ஆறு பேர் சேராமல் பிஸ்மி சொல்லிக் கைவைப்பதில்லை. மெய்யா நானா உட்கார்ந்த சஹனில் மற்ற ஐவருக்கும் சோறு இறங்காது. எந்தக் கிடாரத்துச் சோறு, யார் அள்ளியது, ஏன் அந்தப் பக்கம் மட்டும் இறைச்சி உயர்ந்து நிற்கிறது என்று விசாரணை நடக்கும். ஆகவே ஊரே கூடிப் பேசாமல் ஒரு முடிவுக்கு வந்தது. அவருக்கு மட்டும் ஒரு மூலையில் கதிரை போட்டுத் தனிக் கோப்பையில் சாப்பாடு வந்துவிடும். கதிரையின் காலை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்காருவார்.

இந்த மனிதருக்கு வேலை ஐஸ் ஆலையில் மெஷின் ஓட்டுவது. அதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் இலங்கையில் பிறக்கவில்லை. மெஷின் சத்தம் மாறினால் மற்றவர்களுக்குப் பயம் வரும். அவருக்கு மெஷின் நன்றாக ஓடினால்தான் பயம் வரும். காதை இரும்பில் வைத்துப் படுத்திருப்பார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட மீன்காரர் ஐஸ் இல்லாமல் திரும்பியதில்லை.

யுத்தம் முடிந்து இரண்டொரு வருடத்தில் ஆலை கைமாறியது. புதிய முதலாளி புதிய மெஷின் இறக்கினார். அமோனியா ஓடுகிற மெஷினைக் காதை வைத்து ஓட்ட விடமுடியாது, பயிற்சி நிலையத்துச் சான்றிதழ் வேண்டும் என்றார். பயிற்சிக்குச் சேர சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தி எய்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெஷின் அறையில் வேறு ஆள், நானாவுக்கு ஐஸ் கட்டி தூக்கும் வேலை. முப்பத்தெட்டு வயது, இடுப்பு நாரியில் வலி. கட்டி தூக்கினால் ஒரு வருடம் தாங்கமாட்டார் என்பது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

அப்படித்தான் என்னிடம் வந்தார். நான் அப்போது வன்னியிலிருந்து வந்து, ஒரு முஸ்லிம் ராத்தா வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். ராத்தா என்றால் இங்கே அக்கா. அவருடைய வளவில் ஓலைக் கொட்டில் போட்டு, பரீட்சையில் தவறியவர்களுக்குச் சனிக்கிழமைகளில் கணிதம் சொல்லிக்கொடுத்தேன். வந்த முதல்நாளே நானா என் பட்டச் சான்றிதழைக் காட்டச் சொன்னார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஏழெட்டு எவ்வளவு என்று என்னைக் கேட்டார். எனக்கு மூக்கு நுனியில் கோபம் வரும் என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். மதுரங்குளியில் போட்டி வகுப்பு நடத்திய மாஸ்டர் அனுப்பிய ஒற்றன் இவர் என்றே முடிவுகட்டினேன். அவர் என்னைச் சந்தேகிக்க, நான் அவரைச் சந்தேகிக்க, வகுப்பு தொடங்கியது.

ஒற்றனாக இருந்தாலும் கெட்டிக்கார ஒற்றன். நம்பாத எதையும் எழுதமாட்டார். ஆனால் போய்ச் சோதித்துப் பார்த்து வந்துவிட்டால் பிறகு மறக்கமாட்டார். பைதகரஸ் தேற்றத்தை ஐஸ் ஆலைத் தரையில் கயிறு பிடித்து அளந்துவிட்டு வந்து, "அது சரி, டீச்சர்" என்றார். ஏதோ பைதகரசுக்கு அனுமதி கொடுத்ததுபோல.

எல்லாம் சுட்டி விதிகள் வரைக்கும்தான். ஐந்தின் வலு மூன்று என்றால் மூன்று ஐந்துகளை எழுதிப் பெருக்குவது. ஏற்றுக்கொண்டார். வலு இரண்டு, வலு ஒன்று, அவையும் சரி. ஐந்தின் வலு பூச்சியம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, ஒன்று என்று பலகையில் எழுதினேன். பின்வரிசையில் கதிரை கிறீச்சிட்டது.

"அஞ்ச ஒருக்காவும் எழுதல்லயே, டீச்சர். ஒண்டும் எழுதாத எடத்தில ஒண்டு எங்கேருந்து வந்திச்சி?"

நியாயமான கேள்வி. ஐந்தின் வலு மூன்றை அதே எண்ணால் வகுத்துக் காட்டினேன். வகுக்கும்போது வலுக்களைக் கழிக்கிறோம், மூன்றில் மூன்று போனால் பூச்சியம். ஓர் எண்ணை அதே எண்ணால் வகுத்தால் விடை ஒன்று. எனவே வலு பூச்சியம் என்றால் ஒன்று. தலையை ஆட்டினார். விளங்கிவிட்டது என்று நினைத்தேன். கழிக்கலாம் என்று சொன்னதும் நீங்கள், ஒன்று என்று சொன்னதும் நீங்கள், வழக்காளியும் சாட்சியும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்றார்.

அடுத்த கிழமை முழுக்க வெளியே விசாரணை நடந்தது. புத்தளம் பஸ் கொண்டக்டரைக் கேட்டிருக்கிறார். மதுரங்குளி மாஸ்டரையும் கேட்டிருக்கிறார். மருமகனின் போனில் போட்டுப் பார்த்து, அது ஒன்று என்றதும், வேறு கொம்பனிப் போனில் போட்டுப் பார்த்திருக்கிறார். எல்லா இடத்திலும் ஒன்று. அதுதான் அவரை உலுக்கிவிட்டது. நூறு பேரைக் கேட்டு நூறு பேரும் ஒரே கதையைச் சொன்னால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்பது அவர் கொள்கை. அதோடு ஒரு நீதிக் கேள்வியும் கிளம்பியது. ஐந்துக்கும் ஒன்று, ஆயிரத்துக்கும் ஒன்று என்றால் பெரியவன் சின்னவன் வித்தியாசம் இல்லையா?

மாதிரிப் பரீட்சையில், சுட்டி பூச்சியம் வந்த இடமெல்லாம் அழகான கையெழுத்தில் 'விசாரணையில் உள்ளது' என்று எழுதியிருந்தார். மடக்கை அட்டவணையில் ஒன்றின் மடக்கை பூச்சியம் என்று இருப்பதைப் பார்த்து, இது அதே ஆள், வேறு சட்டை போட்டு வந்திருக்கிறான் என்று அந்தக் கணக்குகளையும் தொடாமல் விட்டார். இரண்டு புள்ளியால் தவறினார். உண்மைப் பரீட்சைக்கு இன்னும் ஐந்து கிழமை.

எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பு கலைந்த பிறகு அவரை நிறுத்தி வைத்துக் கத்தினேன். சும்மா ஒன்று என்று எழுதிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும், கையில் இருக்கிற வேலையைப் பூச்சியத்துக்காக விடுகிற மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கொப்பியைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"தொண்ணூறில இயக்கம் முஸ்லிமாக்கள மன்னாரவிட்டுப் போகச் சொல்லக்குள்ள, ஒரு ஆள் வாப்பாட்ட சொன்னார். ரெண்டு நாள்ல திரும்பி வரலாம், ஒண்டும் தூக்கத் தேவல்லண்டு. நாங்க நம்பினம். எனக்குச் சோதினைக்கு ரெண்டு மாசம் இருந்திச்சி. பொஸ்தகமெல்லாம் அலுமாரிக்குள்ள வச்சிப் பூட்டிட்டு வந்தன், டீச்சர். சும்மா நம்புறது எனக்கு ஏலாது."

எனக்கும் அப்படியொரு அலுமாரிக் கதை உண்டு. அதை நான் சொல்லவில்லை. கத்தியதற்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கிற பழக்கமும் எனக்கு இல்லாததால், திரும்பவும் சோக்கட்டியை எடுத்தேன். அதற்கு முந்திய மாதம்தான் ராத்தாவின் உறவில் ஒரு கலியாணத்தில், பெண்கள் பக்கத்தில், வாழ்க்கையில் முதல்தடவையாக ஐந்து பேரோடு சஹனில் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தட்டு நினைவுக்கு வந்தது.

பலகையில் ஆறு வட்டம் போட்டேன். "ஆறு சஹன். எத்தனை பேர், நானா?"

முப்பத்தாறு என்றார். ஆறின் வலு இரண்டு என்று பக்கத்தில் எழுதினேன். ஐந்து வட்டங்களை அழித்தேன். ஒரு சஹன், ஆறு பேர், ஆறின் வலு ஒன்று. வலுவில் ஒன்று குறையும்போது ஆட்களை ஆறால் வகுக்கிறோம் என்பதை அவரே சொன்னார். இன்னுமொரு முறை குறைத்தால் என்ன வரும் என்று கேட்டேன். அவர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார்.

பார்க்க ஓர் இடம் கிடைத்தது. அடுத்த வியாழன் ராத்தாவின் மகனுக்குக் கலியாணம். பகல் சாப்பாட்டு நேரம் நான் பெண்கள் பக்கம் இருந்தேன். ராத்தா சிரிப்பை அடக்கமாட்டாமல் வந்து, "ஒங்கட மாணவர் சோத்துக்கு முன்னால நிண்டு ஆள் எண்ணுறார், டீச்சர்" என்றார்.

நடந்தது இதுதான். தறப்பாள் பந்தலுக்குக் கீழே கடைசிப் பந்தியில் சரியாக ஆறு சஹன் வைத்திருந்தார்கள். நானா தன் கதிரையை விட்டு எழுந்து வந்து ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார். முப்பத்தைந்து. கடைசிச் சஹனில் ஐந்து பேர். ஆறாவது ஆள் வராமல் அந்த ஐவரும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானா வாசலுக்குப் போய் ஆள் தேடினார். எல்லோரும் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். முப்பத்தைந்தை ஆறால் மிச்சமில்லாமல் வகுக்க முடியாது. கணக்கை அரைகுறையாக விட்டுப் போகவும் அவரால் முடியாது. கடைசியில் சாரத்தை ஒதுக்கிக்கொண்டு, பத்து வருடத்துக்கு மேல் உட்காராத மனிதர், அந்தச் சஹனில் ஆறாவது ஆளாக உட்கார்ந்தார். எந்தக் கிடாரம் என்று கேட்கவில்லை. ஐவரும் தங்கள் சோற்றை மறந்து அவர் வாயையே பார்த்தார்களாம்.

சனிக்கிழமை வகுப்புக்கு எல்லோருக்கும் முந்தி வந்து நின்றார்.

"முப்பத்தாற ஆறாப் பிரிச்சா ஒரு சஹன். சஹன ஆறாப் பிரிச்சா நான்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "ஒண்டு எங்கேருந்தும் வரல்ல, டீச்சர். அது மொதல்லேருந்தே இரிக்கு. அதிலேருந்துதான் பெருக்கத் தொடங்குறம்."

ஐந்துக்கும் ஆயிரத்துக்கும் ஒரே விடை என்ற நீதிக் கேள்வி என்னவாயிற்று என்று கேட்டேன். சஹனுக்கு ஐந்து பேர் உட்கார்ந்தாலும் ஆயிரம் பேர் உட்கார்ந்தாலும், பிரித்துப் பிரித்து வந்தால் கடைசியில் மிஞ்சுவது ஓர் ஆள்தானே என்றார். பல்கலைக்கழகத்தில் எனக்கு இதை இவ்வளவு சுத்தமாக யாரும் சொல்லித்தரவில்லை. வாய்விட்டுப் பாராட்டினேன். ஏன் இவ்வளவு பாராட்டுகிறீர்கள் என்று கண்ணைச் சுருக்கினார்.

பரீட்சை எழுதினார். வெளியே வந்து, வினாத்தாள் லேசாக இருந்ததாகவும், அதனால் உள்ளே ஏதோ பொறி இருப்பதாகவும் சொன்னார். பெறுபேறு வரும்வரை ஆலையில் கட்டி தூக்கினார். ஒவ்வொரு கிழமையும் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக வளைவதை நான் ரோட்டில் கண்டேன். முதலாளியிடம் போய்ப் பேசலாமா என்றுகூட யோசித்தேன். அந்த மனிதரை எனக்கு எப்போது இவ்வளவு பிடித்துப்போனது என்று தெரியவில்லை.

பெறுபேறு வந்த காலையில் படலையில் நின்றார். மருமகனின் போன் வீட்டில் இருந்தது, இன்டர்நெற் கடையும் திறந்திருந்தது. ஆனாலும் தன் பரீட்சைச் சுட்டெண் எழுதிய துண்டை என்னிடம் நீட்டினார். என் போனில் அடித்தேன். கணிதத்துக்கு நேரே சாதாரண சித்தி என்று இருந்தது.

"பாஸ், நானா."

இனி இந்தப் போன் சரியா, இந்தத் தளம் சரியா, வேறு யாருக்காவது இதே எண் இருக்கிறதா என்று தொடங்கும் என்று எதிர்பார்த்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன். "இந்தாங்கோ, நீங்களே பாருங்கோ."

"வேணாம், டீச்சர். நீங்க பாத்திட்டீங்கதானே."

சொல்லிவிட்டு, முதலாளியைக் காண நேரே ஆலைப் பக்கம் நடந்தார். அவர் திருப்பம் தாண்டியதும் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தச் சுட்டெண்ணை மூன்று தரம் திரும்பத் திரும்ப அடித்துச் சரிபார்த்தேன். என் சொல்லை மட்டும் நம்பிப் போகிற மனிதருக்கு நான் பிழையாகச் சொல்லியிருக்கக்கூடாது.