மாப்பிள்ளைக்கு: முகப்பு விளக்கு துலங்கிய விவரம்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் வண்டியும் நலம். அங்கு நீங்களும் என் மகளும் அதேபோல் நலமாக இருக்க வேண்டுகிறேன். நலம் சொல்லும்போது வண்டியையும் சேர்த்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணமாகத்தான் சேர்த்தேன்.

சென்ற வாரம் காரைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோனபோது, ஆய்வாளர் மஞ்சள் பூத்து மங்கிப்போன முகப்பு விளக்கை விரலால் தட்டிப் பார்த்து, "இது என்ன சார், குளியலறை ஜன்னலா?" என்று கேட்டதையும், திங்கட்கிழமை மறுபடி கொண்டுவரச் சொன்னதையும், அதுவரை இருட்டினால் எடுக்கக்கூடாது என்றதையும் போனில் சொன்னேன். நீங்கள் என் நன்மைக்காகத்தான், "பேசாம வித்துடுங்க மாமா. சனிக்கிழமை பழைய வண்டி வாங்குற ஆளோட வரேன். அத்தைக்கு டாக்ஸி வச்சுக்கலாம்" என்றீர்கள். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசும் வழக்கம் எனக்கில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் அத்தை ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை முடிந்து வரும்போது இருட்டிவிடும். அவளை ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டியில் போய் அழைத்து வருவதுதான், ஓய்வு பெற்றபின் இந்த வீட்டில் எனக்கென்று மிஞ்சியிருக்கும் ஒரே உத்தியோகம். இந்த வாரம் டாக்ஸியில் வந்தாள். இறங்கும்போது டிரைவரிடம், "ரொம்ப நன்றி தம்பி" என்றாள். இத்தனை காலம் ஓட்டியிருக்கிறேன், என்னிடம் ஒரு நாள் சொன்னதில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், வண்டியையும் விடுவதில்லை, வேலையையும் விடுவதில்லை.

முதலில் பற்பசை போட்டுத் தேய்த்தால் போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு டியூப் முழுவதையும் பிதுக்கிப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாடி வீட்டுப் பல் டாக்டர் படியிறங்கி வந்தவர் நின்று பார்த்துவிட்டு, "அழுத்தித் தேய்க்காதீங்க சார், ஈறு போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். படித்த மனுஷன் பேசுகிற பேச்சா இது? ஆனால் விளக்கு அன்று சாயங்காலம் வரை பளபளவென்றுதான் இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். போதாததற்கு வாசனைக்கு எறும்பு வேறு.

பிறகு ஹார்டுவேர் கடைக்காரர் சொன்னபடி, பெயிண்ட் பாழாகாமல் விளக்கைச் சுற்றி டேப் ஒட்டி, சோப்புத் தண்ணீர் தொட்டு, முதலில் சொரசொரப்பான உப்புத்தாள் போட்டேன். மாப்பிள்ளை, சொன்னால் நம்பமாட்டீர்கள், இருந்த கொஞ்சம் பார்வையும் போய் விளக்கு சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெளுத்துவிட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. கடைக்கு ஓடினால் அவர் நிதானமாக, "இப்பதான் ஆரம்பிச்சிருக்கீங்க. அடுத்தது இதைவிட நைசான தாள், அதுக்கப்புறம் அதைவிட நைசு. ஒவ்வொண்ணும் முன்னாடி போட்ட கீறலை அழிக்கணும்" என்றார். அட, இது நம்ம ஆபீஸ்தானே. கீழே உள்ளவர் கிறுக்கியதை மேலே உள்ளவர் அழிப்பார், அவர் கிறுக்கியதை அவருக்கு மேலே உள்ளவர் அழிப்பார், கடைசியில் வெள்ளைத் தாளாகக் கையெழுத்துக்குப் போகும். வேலை பார்த்த காலமெல்லாம் நான் கற்றது இதற்குத்தான் போலிருக்கிறது என்று உட்கார்ந்து தேய்தேய் என்று தேய்த்தேன்.

பாலிஷ் போட மெத்தென்ற துணி வேண்டும் என்றார்கள். வீட்டில் இருந்ததிலேயே மெத்தென்றது என் பிறந்தநாளுக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்த சட்டைதான். துணி என்றால் அதுதான் துணி. ஒரு கீறல் விழவில்லை. உங்கள் ரசனையை மெச்சிக்கொண்டே தேய்த்தேன்.

கடைசியாக, வெயிலில் மறுபடி மஞ்சள் பூக்காமலிருக்க அதன்மேல் ஒரு பூச்சு அடிக்க வேண்டும். ஸ்ப்ரே டப்பாவின் வாய் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் அழுத்தியதில் முதல் பூச்சு என் மூக்குக்கண்ணாடிக்குப் போய்விட்டது. இனி என் மூக்குக்கண்ணாடிக்கும் வெயில் பயமில்லை. இரண்டாவது பூச்சு சரியாக விழுந்தது.

காய்ந்ததும் பார்த்தால் எனக்கே கண் கலங்கிவிட்டது. உங்கள் அத்தையைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். அவள் லேசில் யாரையும் பாராட்டமாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். குனிந்து பார்த்தாள், விரலால் தடவினாள், "ஏங்க, உள்ள பல்பு தெரியுதே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "திங்கக்கிழமையிலேருந்து டாக்ஸி வேண்டாம்னு சொல்லிடட்டுமா?" என்றாள். வேலையில் இருந்த காலத்தில் பதவி உயர்வு வந்தபோதுகூட நான் இவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை மாப்பிள்ளை.

ஆகவே பழைய வண்டி வாங்குகிறவரை அழைத்து வர வேண்டாம். நீங்களும் இதற்காகச் சனிக்கிழமை அலைய வேண்டாம். இந்தக் குடும்பத்தில் யார் உதவியும் இல்லாமல் ஒரு காரியத்தை முடிக்க இன்னும் ஆள் இருக்கிறது என்பதை என் மகளிடமும் சொல்லவும்.

தாங்களும் அவளும் எல்லா வளமும் பெற்றுக் சீரும் சிறப்புமாக வாழ என் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் இடது விளக்கைப் பற்றியது. வண்டி சுவரோரமாக நிற்பதால் உங்கள் அத்தை வலது பக்கம் போய்ப் பார்க்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. இடது பக்கம் தேய்த்ததில் என் தோள் பிடித்துக்கொண்டு, தலை சீவவே கை எழும்பவில்லை. மாப்பிள்ளையை வேலை வாங்குவது முறையல்ல என்று தெரியும். ஆனாலும் அவள் டாக்ஸிக்காரரிடம் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை அவசியம் வாருங்கள், மத்தியானத்துக்குமேல் வந்தால் நல்லது. அவள் அப்போது வேலைக்குப் போயிருப்பாள்.