வாய் திறக்காத செங்கமலம்

சாந்தமேரியின் முறை வந்தபோது அவள் தேநீர்க் கோப்பையை வாயிலிருந்து எடுக்கவில்லை. கோப்பை காலியாகி நேரமாகியிருந்தது.

"உங்க வகுப்புல இந்த வாரம் என்ன சிரமம், மேரி?" என்று தலைமையாசிரியை டொரத்தி அம்மாள் இரண்டாம் முறையாகக் கேட்டார்.

கிள்ளான் ஆற்றங்கரையிலிருந்த அந்தத் தமிழ்ப் பெண்கள் பள்ளியில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் இந்தக் கூட்டம் நடக்கும். முன்பிருந்த ஒரு தலைமையாசிரியை தொடங்கி வைத்தது, 1934-இலும் நிற்காமல் நடந்துகொண்டிருந்தது. ஆசிரியைகள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொள்வார்கள். ஆயா நல்லம்மாள் தேநீர் கொண்டுவருவாள். ஒருத்தி தன் வகுப்பில் தனக்கு முடியாமல் போனதைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் புத்திமதி சொல்லக் கூடாது. தாங்கள் அப்படி மாட்டிக்கொண்டபோது என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்லலாம். "நீ இப்படிச் செய்" என்று யாராவது ஆரம்பித்தால் டொரத்தி அம்மாள் பென்சிலால் மேசையைத் தட்டுவார்.

சாந்தமேரிக்கு முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். இரண்டாம் வகுப்பின் நாற்பது முகங்களுக்கு எதிரே நின்றதும் அவளுக்குக் குரல் வராது. வந்தாலும் முதல் பெஞ்சைத் தாண்டாது. கரும்பலகையில் எழுதி எழுதியே ஐந்து மாதங்களை ஓட்டிவிட்டாள். ஆறு மாதம் முடிந்ததும் அவளுடைய வேலை நிரந்தரமா இல்லையா என்று டொரத்தி அம்மாள் முடிவு செய்வார். இல்லையென்றால் ஜெஞ்சாரோமில் அண்ணன் வீட்டு அடுப்படிதான். பேச்சு வராத டீச்சரை யார் வைத்துக்கொள்வார்கள்?

"ஒரு பொண்ணு," என்றாள். "வாயே திறக்க மாட்டேங்குது."

சொன்ன பிறகுதான் அது பொய் என்று அவளுக்கே உறைத்தது. முழுப் பொய்யா என்பது மட்டும் தெரியவில்லை.

"பேரு?"

"செங்கமலம்."

நான்காம் வகுப்பு டோரிஸ் டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். அவள் வகுப்பில் கணக்குச் சொன்னால் ஆற்றில் படகு ஓட்டுகிறவன் விடை சொல்வான் என்பார்கள். அப்படிப்பட்ட குரல்.

"எனக்கும் இப்படி ஒருத்தி இருந்தா. முகத்தைப் பாத்தாத்தான் அவளுக்குப் பயம். பின் சுவத்துல இருக்கிற ஆணியைப் பாத்துப் பேசுன்னேன். பேசிட்டா லா."

மூன்றாம் வகுப்பு சீதாலெட்சுமி டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. அவளிடம் இருந்த பெண்ணுக்கு ஆணி உதவவில்லை. கையில் எதையாவது இறுகப் பிடித்துக்கொண்டால்தான் நாக்கு அசைந்தது. கத்தரிக்காயைப் பிடித்த அன்றுதான் முதல் வார்த்தை வந்ததாம்.

"கத்தரிக்காயா?" என்றாள் சாந்தமேரி.

"என் கூடையில அன்னிக்கு அதுதான் இருந்துச்சு."

திங்கட்கிழமை சாந்தமேரி ஒரு கத்தரிக்காயோடு வகுப்புக்குள் நுழைந்தாள். பிள்ளைகள் திகைத்து அடங்கினார்கள். அந்த அமைதியில், பின்சுவர் ஆணியைப் பார்த்து அவள் மூன்றாம் வாய்ப்பாடு சொன்னாள். மூன்றாவது பெஞ்சு வரை கேட்டது. வியாழக்கிழமைக்குள் ஐந்தாவது பெஞ்சுக்குப் போய்விட்டது. அன்று வீட்டுக்கு நடக்கும்போது காரணமே இல்லாமல் அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

அந்தச் சிரிப்புதான் அவளைக் கெடுத்தது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில், செங்கமலம் பேசிவிட்டாள் என்று சொல்லிவிட்டாள்.

பேசவைத்தது ஆணியா கத்தரிக்காயா என்று டோரிஸும் சீதாலெட்சுமியும் கால்மணி நேரம் வழக்காடினார்கள். பிறகு டோரிஸ், அந்தப் பிள்ளைக்குத் தானே ஒரு கவுன் தைத்துத் தரப்போவதாக அறிவித்தாள். உயரம் எவ்வளவு?

சாந்தமேரி எழுந்து கையைக் காட்டினாள். கை அவளறியாமல் அவளுடைய தோளுக்கே போய் நின்றது.

"ரெண்டாம் வகுப்புல இவ்வளவு உயரமா?"

"லேட்டா சேந்தா."

அடுத்த வெள்ளிக்கிழமை கவுன் வந்துவிட்டது. நீலப் பூப்போட்டது, கழுத்தைச் சுற்றி லேஸ் வைத்தது. பிள்ளையைக் கூப்பிடு என்றார்கள். அவளுக்குக் காய்ச்சல் என்றாள் சாந்தமேரி. அப்படியானால் வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம் என்று டோரிஸ் குடையைத் தேடினாள். வீட்டைக் காலி செய்துகொண்டு ரவாங்குக்கே போய்விட்டார்கள் என்றாள் சாந்தமேரி. காய்ச்சலோடா என்று கேட்டார்கள். ஆமாம், காய்ச்சலோடுதான் என்றாள். ரவாங் போதுமான தூரம் என்று நினைத்தாள்.

"ரவாங்லதான் எங்க அக்கா இருக்கா," என்றாள் சீதாலெட்சுமி. "ஞாயித்துக்கிழமை ரயில்ல போறேன். கவுனைக் குடுங்க."

அந்த வாரம் முழுவதும் சாந்தமேரி உரத்த குரலில் பாடம் நடத்தினாள். பயம் வேறு பக்கம் போய்விட்டதால் பிள்ளைகளிடம் பயப்பட மீதி எதுவும் இல்லை. கத்தரிக்காயைக்கூட மறந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சீதாலெட்சுமி நிதானமாகத் தேநீரைக் குடித்து முடித்தாள்.

"பாத்தேன். நல்லா இருக்கா. கவுன் கொஞ்சம் தூக்கலா இருக்கு, அவ்வளவுதான். ஒரு பாட்டு வேற பாடினா."

முதலில் சாந்தமேரிக்கு உயிர் வந்தது. பிறகு சந்தேகம் வந்தது. ரவாங்கில் எந்த வீட்டுப் பிள்ளையைப் பிடித்து நிறுத்திக் கவுன் மாட்டிப் பாட வைத்திருப்பாள்? இன்னும் கொஞ்சம் யோசித்தபோது பொறாமையாகக்கூட இருந்தது. தான் உண்டாக்கிய பெண், தன்னை விட்டுவிட்டு, வேறு ஊரில் இருந்துகொண்டு பாடுகிறாள்.

டொரத்தி அம்மாள் குறிப்பேட்டை மூடினார். "மேரி, திங்கட்கிழமை உங்க வேலை விஷயமா எழுதப் போறேன். செங்கமலத்தைப் பத்தியும் எழுதணும். வருகைப் பதிவேட்டைக் கொண்டு வாங்க, அவ சேந்த தேதியைப் பாக்கணும்."

திங்கட்கிழமை காலை சாந்தமேரி பதிவேட்டைத் திறந்தாள். நாற்பது பெயர்கள். கீழே நாற்பத்தோராவது வரி காலியாக இருந்தது. பேனாவை மையில் தோய்த்தாள். 'செ' என்று எழுத எவ்வளவு நேரமாகும்? ஆனால் பெயரை எழுதிவிட்டால் அந்தப் பெண் தினமும் வந்தாள், வரவில்லை என்று குறிக்க வேண்டும். தேர்வு எழுத வேண்டும். மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும். அவளை வளர்த்து ஆளாக்கும் தெம்பு தனக்கு இல்லை என்று தோன்றியது. பேனாவைத் துடைத்து வைத்தாள்.

தலைமையாசிரியையின் அறையில் பின்சுவரில் ஆணி இல்லை. எதிரே டொரத்தி அம்மாளின் முகம் மட்டும்தான் இருந்தது. சாந்தமேரி அதையே பார்த்தாள்.

"செங்கமலம்னு யாருமே இல்ல, டீச்சர். பேச்சு வராதது எனக்குத்தான். நான்தான் அஞ்சு மாசமா வாய் திறக்கல."

அடுத்த அறையில் ராகம் போட்டுச் செய்யுள் ஒப்பித்துக்கொண்டிருந்த ஐந்தாம் வகுப்பு சட்டென்று நின்றது.

டொரத்தி அம்மாள் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அது ஏற்கனவே எழுதி முடித்த தாள். அடியில் கையெழுத்துப் போட்டு, மை ஒற்றி, அவளிடம் நீட்டினார்.

"உங்க குரலுக்கு அஞ்சாம் வகுப்பே நின்னு போச்சு பாருங்க. போய்ப் பாடம் நடத்துங்க."

"பதிவேடு, டீச்சர்?"

"அது எனக்கு எதுக்கு?"

சாந்தமேரி வெளியே வந்து தாளைப் படித்தாள். நிரந்தரம் என்றுதான் இருந்தது. மறுபடியும் படித்தாள். பொய் சொன்னதற்கு ஒரு வார்த்தை இல்லை, கோபம் இல்லை. சீதாலெட்சுமி ரவாங்கில் யாரைத்தான் பார்த்தாள்?

நடையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா நல்லம்மாள், அவள் நிற்கிற நிலையைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"அந்த வாய் திறக்காத பொண்ணுதானே, டீச்சர்? சீதாலெட்சுமி டீச்சர் புதுசா வந்தப்போ அவ பேரு வடிவு, டோரிஸ் டீச்சர் வந்தப்போ ரோசலி. இப்ப உள்ள உக்காந்திருக்காங்களே பெரிய டீச்சர், அவங்க வேலைக்குச் சேந்த வருஷம் அவ பேரு பவளம்."