பெண்டு விழா

"ஏம்மா, இந்த ஆண்களையெல்லாம் எப்படிப் பெண்களாக்கறது?" என்று மூத்த எழுத்தர் கேட்டபோது, புதிதாகச் சேர்ந்திருந்த உதவியாளர் வீட்டுக்குக் கிளம்பக் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

கல்லூரியின் ஆண்கள் விடுதி பெண்கள் விடுதியாக மாறவிருந்தது. அதன் விதிப் புத்தகத்தைத் திருத்தி மாலைக்குள் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அவரோ கணினியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி, அழித்து, தட்டச்சு செய்துகொண்டிருந்தார். தலைப்பை நடுவில் நிறுத்துவதற்குக்கூட இடைவெளிக் கட்டையைத் தட்டிக்கொண்டே போவார். அதனாலேயே அவருக்கு அலுவலகத்தில் 'இடைவெளியார்' என்று பெயர்.

அன்று மாலை உதவியாளருடைய மகள் பள்ளி நாடகத்தில் முதன்முதலாக மேடை ஏறுகிறாள். ஒரு முறை சொல்லிக் கொடுத்துவிட்டால் பெரியவர் பிழைத்துக்கொள்வார், நாமும் கிளம்பிவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

"என் மண்டையில இதெல்லாம் ஏறாதும்மா."

"ஏறும் சார். இங்க 'ஆண்', அங்க 'பெண்'. 'எல்லாவற்றையும் மாற்று'ன்னு ஒரே தட்டு!"

தட்டினார். பிறகு உரக்கப் படித்தார்: "'பெண்டுதோறும் பெண்டு விழா நடைபெறும்.' யாரும்மா இந்தப் பெண்டு?"

ஆண்டெல்லாம் பெண்டாகியிருந்தது. அவள் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள்.

"இதையும் கேளுங்க. 'பெண்கள் விடுதிக்குள் பெண் விருந்தினர் நுழையக் கூடாது.' அப்போ ஆம்பளைங்க தாராளமா வரலாமா?"

"ஐயோ சார், எதையும் தொடாதீங்க!"

"பதறாதீங்க. நீங்க சொன்ன வித்தையையே திருப்பிப் போட்டுட்டேன். பெண்ணெல்லாம் மறுபடியும் ஆண். சேமிச்சு, புதுக் காப்பாளரம்மாவுக்கும் அனுப்பியாச்சு."

தொலைபேசி அலறியது. காப்பாளரம்மாதான்.

"என் பேருக்குப் பக்கத்துல 'ஆண் காப்பாளர்'னு போட்டிருக்கே, நான் எப்போம்மா மாறினேன்?"

அதற்குமேல் அவளுக்குப் பொறுமை இல்லை. "எழுந்திருங்க சார், நானே பண்றேன்."

"இந்த நல்ல மனசு யாருக்கு வரும்!" என்று வாயார வாழ்த்திவிட்டுப் பெரியவர் குடையோடு வெளியேறினார்.

அவள் பாதி திருத்தியிருந்தபோது மகள் அழைத்தாள்.

"அவசரப்படாம வாம்மா. நான்தான் மரம். மரம் கடைசிவரைக்கும் மேடையிலதான் நிக்கும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையை முடித்தாள். விதிப் புத்தகத்தை அனுப்பிவிட்டு ஓட்டமும் நடையுமாக வாசலுக்கு வந்தாள்.

"ஏம்மா இவ்வளவு நேரம்?" என்றார் வாயிற்காவலர்.

"இடைவெளியாருக்குப் பாவம், ஒண்ணுமே தெரியலை. நாளையிலிருந்து தினமும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கப் போறேன்."

காவலர் கதவைத் திறந்துவிட்டபடியே சிரித்தார்.

"அவருக்கா தெரியாது? இந்த ஆபீசுக்கே கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தவர் அவர்தாம்மா! தெரியும்னு சொல்லிக்கிட்டிருந்த காலத்துல எல்லார் வேலையும் அவர் தலையில விழுந்து, மக நாடகம் ஒண்ணைக்கூட அவரால பார்க்க முடியலை. இன்னிக்குப் பேத்தி கிளியா நடிக்குதாம், ஏதோ ஒரு மரத்துமேல உட்கார்ந்துக்கிட்டு."