கானின் உள்ளார்ந்த அர்த்தம்

அக்குறணையில் பெரிய வீதியோரம் துணிக்கடை வைத்திருக்கும் ஹாஷிம் ஹாஜியாருக்கு ஒரேயொரு கோரிக்கைதான் இருந்தது. கடைக்கு முன்னால் ஓடும் கழிவுநீர்க் கான் அடைபட்டுக் கிடந்தது. மழை தொடங்குமுன் அதைத் துப்பரவு செய்யாவிட்டால், பெருநாளுக்கென்று இறக்கிய துணியெல்லாம் சேறாகிவிடும். ஆகவே, பொறுப்புள்ள குடிமகன் என்ற வகையில், அவர் பிரதேச சபை அலுவலகத்துக்குப் போனார். வினை அங்கேதான் தொடங்கியது.

அங்கே உத்தியோகத்தர் விவேகானந்தன் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனிதர். அண்மையில்தான், எண்களை விட்டு மனித அனுபவத்தை ஆராயும் பண்புசார் ஆய்வுப் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். அந்தப் பயிற்சிக்குப் போய்வந்த எவரும் அதன்பின் எதையும் அளப்பதில்லை.

"கான் அடைச்சி ஈக்கி சேர். ஆளை அனுப்பினா அரை நாள் வேலை," என்றார் ஹாஷிம்.

"அவசரப்படாதேங்கோ ஹாஜியார். தண்ணி எவ்வளவு ஏறுது எண்டு முந்தி அளந்தம். அது பழைய முறை. தண்ணி உங்களுக்கு என்ன அர்த்தத்தைத் தருது எண்டு இப்ப கேக்கிறம்."

"நஷ்டத்தைத் தருது சேர்."

"அதுக்கும் உள்ளுக்க போகவேணும்."

உள்ளே போவதற்காக அவர் மறுநாளே ஒலிப்பதிவுக் கருவியோடு கடைக்கு வந்தார். முறைப்படி சம்மதம் கேட்டு, கதிரையில் அமர்ந்து, வெள்ளம் வரும்போது மனதில் என்ன ஓடியது என்று விசாரித்தார். ஹாஷிம் பெருமூச்சு விட்டார். அதுவும் பதிவாகியது. பக்கத்துக் கடை, எதிர்க்கடை என்று எல்லாரையும் பேட்டி கண்டார். எல்லாரும் கானைத் துப்பரவாக்கச் சொன்னார்கள்.

"புதுசா ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. தரவு நிரம்பிட்டுது," என்றார் விவேகானந்தன், முகம் வாடி.

"நிரம்பினா நல்லம்தானே? வேலையத் தொடங்கலாம்."

"ஊர் முழுக்க ஒண்டையே சொன்னா ஆய்வுக்கு ஆழமில்லை. மாறிச் சொல்லுற ஒராள் வேணும்."

தேடியதில் ஸாகி அகப்பட்டார். மேட்டில் கடை வைத்து வாளியும் மழைச் சப்பாத்தும் விற்பவர். "மழை அல்லாஹ்ட ரஹ்மத், அவன் தார அருள். எனக்குக் கானால ஒரு கரைச்சலும் இல்ல," என்றார் அவர். விவேகானந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றுமுதல் ஆய்வு ஸாகியின் தோளில் ஏறிக்கொண்டது.

'நீரோடு இணங்கி வாழ்தல்' என்ற தலைப்பில் அறிக்கை தயாரானது. அதைச் சரிபார்க்க விவேகானந்தன் ஹாஷிமிடமே கொண்டுவந்தார்.

"பிழையெண்டா ஒளிக்காமல் சொல்லுங்கோ. இதைக் கிழிச்சுப்போட்டு, நாளைக்கே ஆளனுப்பிக் கானைத் துப்பரவாக்குவன். அதுதான் விதி."

"பிழைன்னு செல்லுங்க. அதோட முடிஞ்சி," என்றாள் அருகில் நின்ற மனைவி மஸீனா.

ஹாஷிம் அதற்காகத்தான் வாயைத் திறந்தார். அப்போது ஒரு பக்கம் கண்ணில் பட்டது. 'பங்கேற்பாளர் 1 ஆழ்ந்து மூச்செறிகிறார். இழப்பையும் பேறாக ஏற்கும் பெருமனம் அதில் புலனாகின்றது.' கட்டின பெண்சாதிகூட அவரை அப்படிச் சொன்னதில்லை. பாவம், மனிதர் உருகிப்போனார்.

"சரியாத்தான் எழுதி ஈக்கிறீங்க," என்றார் மெதுவாக. "ஆனா, பங்கேற்பாளர் ஒன்றுங்கிற எடத்துல எண்ட பேரைப் போட ஏலாதா?"

"ஆய்வு ஒழுக்கம் இடந்தராது ஹாஜியார். பேரை மறைக்கவேணும்."

அந்த ஒழுக்கத்தோடு ஹாஷிம் பின்னேரம் அஸர் தொழுகை வரை மல்லுக்கட்டினார். கானின் பேச்சே எழவில்லை.

அடுத்த கிழமை மழை கொட்டியது. கடைக்குள் வெள்ளம் நுழைந்தபோது மஸீனா தனியாகத் துணிக்கட்டுகளைத் தூக்கிக்கொண்டிருந்தாள். ஹாஷிம் அறிக்கையை அலுமாரிக்கு மேலே பத்திரப்படுத்திக்கொண்டிருந்தார். பெருநாள் துணியில் பாதி போய்விட்டது.

வெள்ளம் வடிந்ததும் கடைக்காரர்கள் எல்லாரும் சேற்றுக் காலோடு அலுவலகத்தில் வந்து திரண்டார்கள். விவேகானந்தன் கதிரையை விட்டு எழுந்து பின்கதவைப் பார்த்தார். அரிசி மூட்டைகளைப் பறிகொடுத்த அமான் முன்னுக்கு வந்தார்.

"நீங்க செஞ்சது அநியாயம் சேர். ஹாஜியார் அறிக்கையக் காட்டினார். ஸாகிக்கு ரெண்டு பக்கம், ஹாஜியாருக்கு ஒரு பக்கம். எங்களப் பத்தி ஒரு வரி இல்ல. அடுத்த பேட்டி எப்பயென்டு செல்லுங்க, இந்த முற நாங்களும் மாத்திச் செல்றோம்."