ஏறாத குதிரைக்கு இரண்டு சேணம்

குதிரை வைத்திருப்பவர்களில் ஓர் இனம் உண்டு. குதிரைக்குத் தீனி போடுவார், தேய்த்துக் குளிப்பாட்டுவார், பிடரி மயிரைச் சீவிப் பின்னிவிடுவார், அதன் பிறந்தநாளுக்குக் கேரட்டில் கேக் செய்து மெழுகுவர்த்திகூட வைப்பார், ஆனால் ஏறமாட்டார். பயமா என்றால் பயமில்லை. முதுகுவலியா என்றால் அதுவுமில்லை. பிறகு என்னதான் ஐயா கேடு என்று நீங்கள் கேட்டால், வேலியில் சாய்ந்துகொண்டு, தொப்பியைக் கழற்றி, அதற்குள் எதையோ தொலைத்துவிட்டவரைப் போல உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னும் முடிவு பண்ணல" என்பார். வெஸ்டர்ன் முறையில் ஏறுவதா, இங்கிலீஷ் முறையில் ஏறுவதா என்பதைத்தான் அவர் இன்னும் முடிவு பண்ணவில்லை.

நான் கொலராடோவில் மலையடிவாரத்தில் லாயம் நடத்துகிறவள். ஊரார் குதிரைகள் என் கொட்டகையில்தான் நிற்கின்றன. அதனால் இந்த இனத்தை நான் கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். 'யோசனைக்காரர்' என்று பெயரும் வைத்திருக்கிறேன். எந்த லாயத்துக்குப் போனாலும் ஒருவராவது இருப்பார். என் லாயத்து யோசனைக்காரரின் பெயர் வெண்டல் ஆஸ்ட்ராண்டர். தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், தங்கமான மனுஷர், ஓர் ஈயை அடிப்பதென்றாலும் எந்தக் கையால் அடிப்பது என்று யோசிப்பவர்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. வெஸ்டர்ன் சேணம் சாய்வு நாற்காலி அளவுக்குப் பெரியது. மாட்டைச் சுருக்குப் போட்டுப் பிடித்தால் கயிற்றைக் கட்ட முன்னால் ஒரு கொம்பு இருக்கும். காலை நீட்டி உட்காரலாம், லகானை ஒரே கையில் பிடிக்கலாம். இங்கிலீஷ் சேணம் மெல்லியது. கொம்பு கிடையாது, காலை மடக்கிக்கொள்ள வேண்டும், லகானை இரண்டு கையிலும் பிடிக்க வேண்டும், குதிரை துள்ளி ஓடும்போது அதன் அடிக்கு ஏற்றபடி எழுந்து எழுந்து உட்கார வேண்டும். இரண்டும் உங்களை வாசலிலிருந்து மலைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடும். குதிரைக்கு இதில் ஒரு அபிப்பிராயமும் கிடையாது. முதுகில் ஏதோ ஒன்று, அதன் மேல் ஏதோ ஒன்று, சாயங்காலம் வைக்கோல். அவ்வளவுதான் அதற்கு.

அபிப்பிராயமெல்லாம் மனிதர்களுக்குத்தான். என் கொட்டகையின் இடது வரிசை வெஸ்டர்ன்காரர்களுடையது. அங்கே டெல்பர்ட் வைத்ததுதான் சட்டம். மாடு மேய்த்தே வயதானவர், தூங்கும்போதுகூடத் தொப்பியைக் கழற்றுவாரா என்பது சந்தேகம். வலது வரிசை இங்கிலீஷ்காரர்களுடையது. அங்கே கார்னீலியா டீச்சரின் ராஜ்யம். குதிரையைக் கட்டை தாண்ட வைப்பவர், நாம் கூன் போட்டு நின்றால் நம் முதுகையும் தட்டி நிமிர்த்துபவர். நடுவில் காபி மெஷின். யோசனைக்காரர் எங்கே நிற்பார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

"இங்கிலீஷ் சேணமா?" என்பார் டெல்பர்ட். "அது சேணம் இல்லய்யா, பான்கேக். குதிர முதுகுல போட்டா அடுத்து சிரப்புதான் ஊத்தணும்."

"டெல்பர்ட் எங்க குதிரை ஓட்டறார்?" என்பார் கார்னீலியா, எனக்குக் கேட்பதுபோல அவருக்கும் கேட்கும்படி. "சோபாவுல உக்காந்துக்கிட்டு, பாவம், குதிரையைச் சுமக்க வச்சிருக்கார்."

இரண்டுக்கும் நடுவில் கோப்பையை ஏந்திக்கொண்டு வெண்டல் சொல்வார்: "ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு." இது இந்த இனத்தின் தேசிய கீதம். அடுத்து, "ஆனா தப்பான பழக்கம் ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் மாத்த முடியாது பாருங்க" என்பார். பழக்கமே இல்லாத மனிதருக்குத் தப்பான பழக்கத்தின்மேல் எவ்வளவு பயம் பார்த்தீர்களா!

சும்மா இருக்கிறார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். யோசனைக்காரரின் உழைப்பு குதிரை ஏறுகிறவனுக்குக் கிடையாது. வெண்டல் தன் கார் கொட்டகையில் இரண்டு மரக்குதிரைகள் அடித்து, ஒன்றின்மேல் வெஸ்டர்ன் சேணமும் மற்றதன்மேல் இங்கிலீஷ் சேணமும் போட்டு, டிவியில் செய்தியின் முதல் பாதியை இதன்மேலும் மறுபாதியை அதன்மேலும் உட்கார்ந்து பார்த்தார். திங்கட்கிழமை வண்டியை ஒற்றைக் கையால் ஓட்டினார், செவ்வாய்க்கிழமை இரண்டு கையால். தேவாலயத்தில் பாட்டுக்குப் பாட்டு எழுந்து எழுந்து உட்கார்ந்து பழகியதில், பின்வரிசைக்காரர்கள் எப்போது எழுவது எப்போது உட்காருவது என்று தெரியாமல் குழம்பி, கடைசியில் எல்லோருமே அவரோடு சேர்ந்து துள்ளினார்கள். ஒருநாள் வலது காலில் முழங்கால்வரை வரும் இங்கிலீஷ் பூட்ஸும் இடது காலில் கூர்மூக்கு வெஸ்டர்ன் பூட்ஸும் மாட்டிக்கொண்டு என் லாயத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். என் நாய் இடது காலைப் பார்த்து மட்டும் குரைத்தது. அதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

இதெல்லாம் அவரோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நடீன் என்று அவருக்கு ஒரு மனைவி இருக்கிறாளே!

கல்யாணம் ஆன புதிதில் இருவரும் மேலே ஆஸ்பன் மரத் தோப்புக்கு நடந்தே ஏறிப் போயிருக்கிறார்கள். செப்டம்பர் கடைசி, இலை பழுத்து மலை முழுக்க மஞ்சள். மூச்சு வாங்க ஒரு பாறையில் உட்கார்ந்தபோது, "அடுத்த தடவ ரெண்டு பேரும் குதிரைல வருவோம்" என்று சொன்னது வெண்டல்தான். நடீன் அதைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் வளர்ந்து போனதும் குதிரை ஏறக் கற்றுக்கொண்டாள், அந்த வயதில். எந்த முறை? அவள் அதைக் கேட்கவே இல்லை. ஆணியில் எந்தச் சேணம் தொங்கியதோ அதைப் போட்டுக்கொண்டாள். ஒருநாள் டெல்பர்ட்டுடையது, ஒருநாள் கார்னீலியாவுடையது. "நீ எந்த முறைம்மா?" என்று டெல்பர்ட் கேட்டதற்கு, "விழாத முறை" என்றாள்.

இப்போது அவளுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. அக்டோபரில் அறுவைச் சிகிச்சை. அதன்பிறகு குதிரைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே இந்தச் செப்டம்பர்தான். ஆஸ்பன் இலையோ யாருக்காகவும் காத்திருக்காது; மஞ்சளாகி ஒரு வாரம் நின்றால் பெரிது, ஒரு காற்று அடித்தால் மரம் மொட்டை. லாயத்தில் எல்லோருக்கும் இது தெரியும். வெண்டலுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் தீவிரமாக யோசித்தார்!

அவருடைய குதிரை நட்மெக், பழுப்பு நிறப் பெண்குதிரை, பரம சாது. யாரும் ஏறாததால் நின்று தின்று, தின்று நின்று, பக்கவாட்டில் வளர்ந்துவிட்டது. சேணம் அளவு பார்க்கிற ஆளை வெண்டல் வரவழைத்தார். வந்தவர் கம்பியை வளைத்து முதுகை அளந்து, இந்த முதுகுக்கு இரண்டு சேணமுமே பொருந்தாது, ஏறி ஓட்டினால் இளைக்கும், இளைத்த பிறகு எது வேண்டுமானாலும் பொருந்தும் என்று சொன்னார். பொருந்தாத சேணத்தில் எப்படி ஏறுவது என்று வெண்டல் கேட்டார். ஏறாமல் எப்படி இளைக்கும் என்று அவர் கேட்டார். ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று வெண்டலே தீர்ப்புச் சொன்னார். கடைசியில் நான்தான் நட்மெக்கைக் கயிற்றில் கட்டி நாள்தோறும் நடத்திக்கொண்டு போய், தீனியைக் குறைத்து, முதுகை ஒரு வழிக்குக் கொண்டுவந்தேன். அந்தக் குதிரை என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. மலை மஞ்சளாக நின்றது. திங்கட்கிழமை பலத்த காற்று என்று ரேடியோ சொல்லிவிட்டது. நடீன் விடிந்ததும் வந்து தன் குதிரை டீக்கனுக்குச் சேணம் கட்டி, இரண்டு பேருக்குச் சாப்பிட பர்ரிட்டோ ரொட்டிச் சுருள் பொட்டலம் கட்டிப் பையில் போட்டு, நட்மெக்கையும் தேய்த்துப் பளபளப்பாக்கி, கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். வெண்டலும் வந்தார். வண்டியிலிருந்து இரண்டு சேணத்தையும் இறக்கி வேலிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"எதையாவது போடு வெண்டல்," என்றாள் நடீன்.

"எதையாவதா!" மனிதருக்கு உண்மையிலேயே வலித்துவிட்டது. "நம்ம ரெண்டு பேரோட விஷயம் நடீன் இது. எதையாவது போட்டுக்கிட்டுப் போறதா?"

பிறகு ஒரு புது யோசனை சொன்னார். மலை ஏறும்போது குதிரைக்குப் பாரம் குறைய இங்கிலீஷ் சேணம். இறங்கும்போது பிடித்துக்கொள்ளக் கொம்பு வேண்டும், எனவே வெஸ்டர்ன் சேணம். ஆகா, தீர்ந்தது என்று நாங்கள் மூச்சு விடுவதற்குள், அப்படியானால் ஏறும்போது வெஸ்டர்ன் சேணத்தை யார் சுமப்பது என்ற கேள்வி வந்தது. மூன்றாவதாக ஒரு குதிரை என்றார். அந்தக் குதிரைக்குப் பொதிச் சேணம் வேண்டும் என்றார் டெல்பர்ட். பொதிச் சேணத்திலேயே இரண்டு வகை இருக்கிறது என்றார் கார்னீலியா. அவ்வளவுதான். காபி மெஷினைச் சுற்றி நின்ற கூட்டம் மொத்தமும் வேலிக்கு இடம் மாறியது. மலை ஏறுவதற்கு எது, இறங்குவதற்கு எது, வயிற்றுப் பட்டையை எங்கே இறுக்குவது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். வெண்கலக் குரல் என்று என்னைச் சொல்வார்கள். என் சத்தமே எடுபடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம் அடங்கித் திரும்பிப் பார்த்தால் வேலிமேல் இரண்டு சேணம் இருந்தது. குதிரையைக் காணோம். நடீனையும் காணோம். தூரத்தில் பாதை மேடேறுகிற இடத்தில் இரண்டு குதிரைகளின் பின்புறம் தெரிந்தது. முன்னால் டீக்கன் மேல் நடீன். அவள் கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் வெறும் முதுகோடு நட்மெக், இத்தனை நாளில் முதல் தடவையாக மலை ஏறுகிற சந்தோஷத்தில் வாலை ஆட்டிக்கொண்டு.

டெல்பர்ட் முரட்டு ஆள்தான், ஆனால் மனசு உள்ளவர். சேணம் கட்டித் தயாராக நின்ற தன் குதிரையை இழுத்துக்கொண்டு வந்து வெண்டல் முன்னால் நிறுத்தினார். "ஏறுய்யா. வளைவு தாண்டறதுக்குள்ள புடிச்சிடலாம்."

வெண்டல் ஏறினார். அதாவது, ஏற ஆரம்பித்தார். இடது காலைச் சேணத்தில் தொங்கிய அங்கவடியில் வைத்தார். வலது கால் தரையில் நொண்டியடித்தது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கார்னீலியாகூட, அது வெஸ்டர்ன் சேணம் என்பதையே மறந்து, போங்க, போங்க என்று முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்புத்தான் வினையாகிவிட்டது. வெண்டல் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். கார்னீலியாவின் பக்கத்தில் இங்கிலீஷ் சேணத்தோடு நின்ற அவருடைய குதிரையைப் பார்த்தார். ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே கேட்டார்:

"துரத்தறதுன்னா உங்க குதிரை கொஞ்சம் வேகம்ல?"

டெல்பர்ட் குனிந்தார். வெண்டலின் காலை மெதுவாக அங்கவடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு, குதிரையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வளைவில் அதற்குள் யாருமில்லை.

பொழுது சாய நடீன் திரும்பி வந்தாள். இடுப்பு வலியில் முகம் வெளுத்திருந்தது. இறங்கும்போது நானும் கார்னீலியாவும் தாங்கிப் பிடித்தோம். நட்மெக்கின் பிடரியில் ஒரு மஞ்சள் இலை சிக்கியிருந்தது. வெண்டல் அதே வேலியருகில், அதே இரண்டு சேணத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"எப்படி இருந்துச்சு?" என்றார்.

"மஞ்சளா இருந்துச்சு. அந்தப் பாறை அப்படியே இருக்கு. நீ உக்காந்த எடத்துல நட்மெக்க நிறுத்தினேன்." குரலில் கோபமில்லை. கோபமிருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றியது. "உன் பர்ரிட்டோவ அவதான் தின்னா."

வெண்டலின் கண் கலங்கிவிட்டது. நட்மெக்கின் வெறும் முதுகைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார். பாவம், மனிதருக்கு இப்போதாவது உறைத்ததே என்று நானே இளகிவிட்டேன். அன்றிரவு காற்று அடித்தது. காலையில் மலை மொட்டையாக நின்றது.

நான் வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் வண்டி வந்தது. சேணம் எதையும் காணோம். நேராக என்னிடம் வந்தார். முகத்தில் அப்படியொரு தெளிவு. ஆள் மாறிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"நேத்து ராத்திரி பூரா தூங்கல," என்றார். "சேணமே இல்லாம ஏறறதுன்னு ஒரு முறை இருக்கே, அத நான் யோசிக்கவே இல்ல பாருங்க. அதுல ஒரே ஒரு சந்தேகம்தான். முதுகுல கம்பளி போடறதா, போடாம ஏறறதா?"

வைக்கோல் வாரும் முள்கம்பு என் கையில் இருந்தது. இருந்தும் அவரை நான் ஒன்றும் செய்யவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

இத்தனை நேரம் வெண்டலைப் பார்த்துச் சிரித்தீர்கள். நல்லது. ஆனால் ஒரு கேள்வி, உண்மையைச் சொல்லுங்கள். படித்துக்கொண்டு வரும்போதே, எங்கேயாவது ஓரிடத்தில், "அது கெடக்கட்டும், ரெண்டுல நெஜமாவே எது நல்லது?" என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா இல்லையா? கேட்டதென்றால் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, எழுந்து வாசலுக்குப் போய்ப் பாருங்கள். யாரோ ஒருத்தர் பொட்டலம் கட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி உங்களுக்காக நின்றுகொண்டிருக்கலாம். செருப்பு எது என்று தேடாதீர்கள், வெறுங்காலோடு போங்கள். நாளைக்குக் காற்று அடிக்கும் என்று சொல்கிறார்கள்.